கதவில் ஒட்டிய தாள்

2024 ஏப்ரல் பதினேழு, காலை பத்து மணி. மராத்தி பேசும் ஊரான தேஹு ரோட்டில், ஒரு வாடகை வீட்டில் செங்கமலம் குடங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஜமீலா எட்டிப் பார்த்தாள். செங்கமலத்தின் கதவில் யாரோ மராத்தித் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். செங்கமலம் பிறந்த வீட்டில் எவருக்கும் எழுத்துத் தெரியாது. அந்த வாசலுக்கு வந்த தாளெல்லாம் அவர்களை வெளியேற்றவே வந்தது.

"எத்தனை மணிக்குள்ள காலி பண்ணணுமாம், தாயி?" செங்கமலம் கேட்க, ஜமீலா தாளைப் படித்தாள்.

"காலியா? நாளைக்குத் தண்ணி வராதாம், இன்னிக்கே பிடிச்சு வைக்கணுமாம். நீங்க குடத்தையே மூட்டை கட்டிட்டீங்களேக்கா!"

அவிழ்த்துக்கொண்டு ஓடுவதற்குள் குழாய் நின்றுவிட்டது. ஜமீலா தன் தண்ணீரில் பாதியைக் கொடுத்தாள். எழுத்துக் கற்றுத் தருவதாகவும் வாக்களித்தாள்.

கற்றுக்கொண்டால் அடுத்த தாளைத் தானே படிக்க நேருமே என்ற பயத்தில், அந்த வாக்கை நிறைவேற்றும்படி செங்கமலம் ஒருநாளும் கேட்கவில்லை.