மறுக்கா கேட்காத துரை

கோயமுத்தூர் மில் ஒன்றுக்குப் பருத்தி வாங்க என் கணவர் கென்யா சென்றபோது நானும் உடன் போயிருந்தேன். வேலை முடிந்ததும், ஒரு வெள்ளைக்கார வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, வடக்கேயுள்ள பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்கி ஊர் சுற்றக் கிளம்பினோம். துரை லாரியில் முன்னே போவார். டிரைவரும் நாங்களும் ஜீப்பில் பின்னே போவோம்.

ஒருநாள் காலை கிளம்பும்போது, "இன்னொரு டின் தண்ணீர் வேண்டுமா?" என்று துரை கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே, "வேண்டாம், இருப்பதே போதும்" என்று இங்கிலீஷில் சொன்னார். துரை டின்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நடுப்பகலில் ஜீப் மணலில் புதைந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரமில்லை. இருந்த தண்ணீரும் தீர்ந்தது.

"ஏனுங்க, எதுக்குங்க வேண்டாம்னீங்க?"

"ஒரு பேச்சுக்கு வேண்டாம்னா, மறுக்கா கேக்க மாட்டாங்களா அம்மணி? கேட்ட ஒடனே வாங்கிப்போட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

நம் பக்கம் காப்பிக்கே முதலில் வேண்டாம் என்பது வழக்கம்தான். அதைப் பாலைவனத்திலுமா காட்டுவது? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சாயங்காலம் துரை எங்களைத் தேடி வந்து தண்ணீரை நீட்டினார். அப்போதும் இவர், "முதலில் நீங்கள் குடியுங்கள்" என்றாரே பார்க்கலாம்! டின்னை நான் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வேண்டியதை முதல் தடவையே வேண்டுமென்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் இவர் இலைமேல் கையை நீட்டி, "போதும் அம்மணி" என்றால், சோற்றுப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் மூடி வைத்துவிடுகிறேன்.

மறுக்கா கேட்பதில்லை.