லாபம், ரெண்டு, மூணு

ரயில்வே யார்டில் எனக்குக் கிடைத்த முதல் கெட்ட பெயர் சாமையால் வந்தது.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, கீழே இருக்கும் பெரிய ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேன் வேலைக்குச் சேர்ந்தவள் நான். பெண்ணாக இருந்தாலும் வேலைக்குப் பெயர் பாயின்ட்ஸ்மேன்தான். அதை மாற்றச் சொல்லி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. சரக்கு வேகன்களைப் பிரிப்பது, சேர்ப்பது, இன்ஜினை மாட்டுவது எல்லாம் எங்கள் பாடு. இன்ஜின் பின்பக்கமாக வரும்போது டிரைவருக்கு நாங்கள்தான் கண். இன்னும் எத்தனை வேகன் நீளம் பாக்கி என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: அஞ்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு, நில்லு.

முதலில் சீனியர் ஒருவர் பேசினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு பரீட்சை. தேறினால் வாக்கிடாக்கி என் கைக்கு வரும். தவறினால் ஆபீசில் ஃபைல் தூக்கப் போக வேண்டும். "ஆபீஸ்ல ஃபேன் இருக்கும்மா, ஜாலியா இருக்கலாம்" என்று கூட வேலை பார்த்தவர் ஒருவர் முன்கூட்டியே ஆறுதல் சொன்னார். எனக்கு அந்த ஃபேனை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

பரீட்சை அன்று அஞ்சு சொன்னேன், மூணு சொன்னேன், ரெண்டும் சொன்னேன். அடுத்து என் வாய் தானாக "லாபம்" என்றது.

எங்கள் வீட்டில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்லமாட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். சின்ன வயதிலிருந்து அப்பா அளக்க, நான் எண்ணிப் பழகியவள். பதற்றத்தில் நாக்கு களத்துக்குப் போய்விட்டது.

டிரைவர் சென்னைக்காரர். சாமையைப் பார்த்திருந்தால் உப்புமாவில்தான் பார்த்திருப்பார். புரியாத சொல்லைக் கேட்டதும் பிரேக் போட்டுவிட்டார். வண்டி கடகடவென்று ஆடி நின்றது.

"லாபமா? இன்னாமா, புளி மண்டியா வெச்சிருக்கோம் இங்க?" என்றார் சூப்பர்வைசர். யார்டே சிரித்தது. நான் முறைத்தேன். ஆனால் அடுத்து அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "இவரு நிறுத்திட்டாரு. வேற ஒருத்தர் நிறுத்தாம வந்து இடிச்சிருந்தா? திங்கக்கெழம இன்னொரு தபா பாக்குறேன். அதான் கடைசி."

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரில் பஸ் மாறி மலைக்குப் போனேன். வழியெல்லாம் ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு என்று முணுமுணுத்ததில் பக்கத்து சீட்டு அம்மாள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். வீட்டில் அப்பா சாமையை அளக்கக் காத்திருந்தார். நான் எண்ண உட்கார்ந்தேன். முதல் மரக்கால் சாக்கில் விழுந்தது.

"ஒண்ணு" என்றேன்.

அப்பா சாக்கைக் கவிழ்த்து, சாமையைக் குவியலிலேயே திருப்பிக் கொட்டினார். "இன்னா ஆச்சி உனுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்பா மரக்காலை மறுபடி கையில் எடுத்தார். மழை ஏமாற்றிய வருஷத்தில், நாலே மரக்கால் தேறியபோதுகூட லாபம் என்று தொடங்கிய மனுஷன். குவியலிலிருந்து அள்ளிச் சாக்கில் போட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "ஒண்ணு" என்றார்.

ஒவ்வொரு சாக்குக்கும் முதலிலிருந்து எண்ணினோம். ஒவ்வொன்றும் ஒண்ணில்தான் தொடங்கியது. "அப்பனுக்கும் பொண்ணுக்கும் புத்தி கெட்டுப்போச்சி" என்று அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அதே டிரைவர், அதே லைன். அஞ்சு, மூணு, ரெண்டு, ஒண்ணு, நில்லு. இன்ஜின் வேகனைத் தொட்ட சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டு, வாக்கிடாக்கியை என்னிடம் நீட்டினார்.

டீக்கடைக்குக்கூடப் போகாமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். "பாஸ் பண்ணிட்டேன்பா."

"நெஜமா?"

"நெஜமாதான்."

"அப்ப இரு, போன வெச்சிடாத. ஒரு மூட்டையும் கட்டல, எல்லாம் அப்டியேதான் கெடக்கு."

போனைக் கீழே வைத்தார். சாக்கிலிருந்து சாமை சரசரவென்று களத்தில் கொட்டுவது கேட்டது. பிறகு அள்ளும் சத்தம். அதற்குப் பிறகு, மலைக்கே கேட்கும்படி அப்பாவின் குரல்:

"லாபம்!"