கல்லில் இல்லாத பெயர்

இது எனக்கு நடந்தது. நம்பாவிட்டால் தாராளமாகச் சிரியுங்கள். என் மனைவி லீலாவதி இன்றைக்கும் சிரிக்கிறாள்.

1976, பங்குனி மாதம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ் பாதையில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பழைய சத்திரத்தில்தான் பள்ளிக்கூடம். நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். கையில் பிரம்பு இருக்கும். பல்லியைப் பார்த்தால் நாற்காலி மேல் இருப்பேன்.

வகுப்புச் சுவரில் எழுத்து வெட்டிய ஒரு கல் பதித்திருந்தது. அன்று காலை அதைத்தான் பாடமாக எடுத்தேன். கட்டினவர் யார், எந்த வருஷம் என்பது மறந்துபோகக் கூடாது, அதற்காகத்தான் பழைய கட்டடங்களில் கல் வைக்கிறார்கள் என்றேன். “மிராசுதார் பாலசுந்தரம் கட்டுவித்த தர்ம சத்திரம், 1871” என்று வாசித்தும் காட்டினேன்.

மாயவன் என்ற பையன் எழுந்தான். “கல்லுல பேரு இல்லாதவங்கள மறந்துடலாமா சார்?”

பதில் தெரியாத வாத்தியார் செய்வதைச் செய்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன்.

அந்தச் சுவரில் ஒரு கோளாறு உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்போம். கல்லுக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு நிற்காது, உதிர்ந்துவிடும். பிள்ளைகள் யாரும் அதில் சாய்வதும் இல்லை. ஈரச் சுவர் என்று நினைத்திருந்தேன். பங்குனி வெயிலில் ஏது ஈரம்... அதை யோசிக்கவில்லை.

மதியம் பன்னிரண்டரை. பிள்ளைகள் சாப்பிடப் புளியமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் தூக்குச்சட்டியைத் திறந்தேன்.

வாசலில் ஓர் அம்மா நின்றாள். சேலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். யாரோ ஒரு பிள்ளையின் தாய் என்று எழுந்தேன்.

“செவுரு நிக்க மாட்டேங்குதுன்னு எம்மவளக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கல்லுல பேரு போடுறோம்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சிந்தாமணின்னு இருக்கா, பாருங்க.”

சித்தாள் வேலைக்குப் போன பெண்ணாக்கும் என்று நினைத்தேன். எந்தச் சுவர் என்று கேட்கத் தோன்றவில்லை. கல்லில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் அந்த முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இருக்கும்மா” என்றேன்.

எங்கே என்று கேட்டாள். கல்லுக்குக் கீழே, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் விரலை வைத்தேன். விரல் சில்லிட்டது.

“ஒரு தரம் சத்தமா வாசிங்க.”

வாத்தியார் வாய். அட்டெண்டன்ஸ் எடுக்கும் ராகத்தில்தான் வந்தது. “சிந்தாமணி.”

புளியமரத்தடி இரைச்சல் சட்டென்று நின்றது.

பிறகு... என் விரலுக்கு அடியில்...

சுவருக்குள்ளிருந்து...

“உள்ளேன் ஐயா.”

சின்னப் பெண் குரல்.

திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை. தரையில் ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட இல்லை.

மரத்தடிக்கு எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். கையில் பிரம்பு இருந்ததாம். யாரை அடிக்க?

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர்களைத் தனியே விட மனசில்லை, நானும் போனேன்.

எல்லாரும் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவையாக. கல்லுக்குக் கீழே மட்டும் ஓர் ஆள் இடம் காலி.

அந்தக் காலி இடத்துக்குத் தள்ளி உட்காரச் சொன்னேன். பக்கத்திலிருந்த வேம்பு என்ற சிறுமி நகரவில்லை.

“ஆளு இருக்கு சார்.”

1983-இல் சத்திரத்தை இடித்தார்கள். நான் அப்போது வேறு பள்ளியில் இருந்தேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், போனேன். கல்லைப் பெயர்த்ததும் பின்னால் ஒரு பொந்து. உள்ளே இரண்டு செப்பு வளையல்கள். எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு விரல்தான் நுழைந்தது. சிந்தாமணி என்ற பெயரை ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அது இல்லை என் தூக்கத்தைக் கெடுப்பது. சத்திரம் கட்டிய காலத்தில் அங்கே பள்ளிக்கூடமே கிடையாது. நான் அங்கே இருந்தபோது பள்ளி வந்து முப்பது வருஷம்தான் இருக்கும். பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

தினமும் காலையில் பெயர் கூப்பிடுவோம். கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்...

தன் பெயர் வருமா என்று.