அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகள்

அக்கா பிரான்சுக்குப் புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னால், அவளும் நானும் டிராவல்ஸ்காரர் கடையில் போய் உட்கார்ந்தோம். அக்கா மகளுக்கு அது தலைப்பிரசவம். முறைப்படி மகள்தான் தாய்வீட்டுக்கு வரவேண்டும். ஆனால் விமானப் பயணம் வேண்டாம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால், தாய் மகளிடம் போவதென்று முடிவாயிற்று. விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த ஃபாரத்தை நிரப்பத்தான் என்னை அழைத்துப் போயிருந்தாள்.

ஃபாரம் நிரப்புவதில் எங்கள் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி. இருபத்தெட்டு வருஷமாக அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறேன். ஊரார் விண்ணப்பத்தில் விட்டுப்போன கட்டத்தைக் கண்டுபிடித்து, "இதை நிரப்பாம எப்படிக் கொடுத்தீங்க?" என்று திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

டிராவல்ஸ்காரர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஏற்கெனவே இருக்கற வியாதி ஏதாவது உண்டா? சுகர், பிரஷர், ஹார்ட்டு, ஃபிட்ஸ்... இருந்தா இருக்குன்னு போட்டுடுங்க. பிரீமியம் கொஞ்சம் கூட வரும், அவ்ளோதான். மறைச்சா பின்னால கிளெய்ம் கிடைக்காது."

மேசைக்கு அடியில் அக்காவின் கால் என் காலை அழுத்தியது. அழுத்தியிருக்கவே வேண்டாம்.

"கல்லுக்குண்டாட்டம் இருக்காங்க. ஒண்ணும் இல்லன்னு போடுங்க" என்றேன்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பிரார்த்தனை வரிசையில் விழுந்தாள். அன்றைக்கே எங்கள் அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். வலிப்புக்காக அல்ல, இன்னொரு தடவை நாலு பேர் பார்க்கிற இடத்தில் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக. மாத்திரை ஆரம்பித்தபிறகு வலிப்பு கட்டுக்குள் வந்துவிட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோது வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொய்தான் சொன்னோம். அதை நாற்பது வருஷம் சொன்னோம்.

கல்யாணமான மூன்றாம் மாதமே அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. மாமா கோபப்படவில்லை. அவரே மாத்திரை வாங்கிவர ஆரம்பித்தார், அவரும் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட அது சத்து மாத்திரை என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். மாமா போனபிறகு மாத்திரை வாங்கித் தருவது என் வேலையாயிற்று. உலகத்தில் விஷயம் தெரிந்தவர்கள் அக்கா, நான், லாஸ்பேட்டையில் ஒரு டாக்டர், ஒரு மெடிக்கல்காரர்.

மகளுக்கு அமைந்த சம்பந்தம் சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களின் குடும்பத்தை எங்கள் ஊரில் இன்னமும் அப்படித்தான் சொல்கிறோம். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். சம்பந்தியம்மா பாரிசுக்குப் பக்கத்தில் அவர்களோடுதான் இருந்தார். பெரிய இடம். வலிப்பு உள்ள வீட்டுப் பெண் என்று தெரிந்தால் மகளை என்ன சொல்வார்களோ என்று அக்காவுக்கு ஒரே பயம். அந்தப் பயம் நியாயமானது என்றே நானும் நினைத்தேன். காப்பீட்டுத் தாள் உட்பட எல்லாவற்றையும் மாப்பிள்ளைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 'இருக்கிறது' என்று எழுதினால் அவர் படிப்பார், அவர் அம்மா படிப்பார். அதனால் 'இல்லை'.

டாக்டரிடம் போனோம். அவர் மூன்று மாதத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார். கேட்காமலேயே ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதினார்: இன்ன நோய், இன்ன மருந்து, இத்தனை வருஷமாக. "பாஸ்போர்ட்டோடயே வச்சிக்குங்கம்மா, அவசரத்துக்கு உதவும்" என்றார். வாசலுக்கு வந்ததும் அக்கா அதை என் கையில் திணித்தாள். அது என் பீரோவில், புடவைக்கு அடியில் போயிற்று.

புறப்படும் வாரம் அரியாங்குப்பத்தில் அக்கா வீடு நாட்டு மருந்துக்கடை மாதிரி மணந்தது. சுக்கு, ஓமம், வசம்பு, பிரசவ லேகியம், பூண்டு, பெருங்காயம். மகளுக்கு ஒரு மூட்டை, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு மூட்டை. எடை மெஷினில் பெட்டியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, ஒரு ஊறுகாய் டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மாத்திரை எங்கே?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எனக்கா அவளுக்கா என்று இப்போது மறைத்து என்ன, எனக்குத்தான். அட்டையில் மருந்தின் பெயர் அச்சடித்திருக்கிறது. மாப்பிள்ளை செல்போனில் பெயரைத் தட்டினால் எந்த நோய்க்கென்று வந்துவிடும். ஆகவே இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு மாத்திரையாக அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கால்சியம் மாத்திரை வந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டோம். அவரைக்காய் ஆய்வதுபோலப் பேசிக்கொண்டே பிதுக்கினோம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறோம்டி" என்றாள். காலி அட்டைகளை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

போய்ச் சேர்ந்தாள். மூன்றாம் வாரம் பேத்தி பிறந்தாள். வீடியோவில் பிள்ளையைக் காட்டும்போதெல்லாம் பின்னால் சம்பந்தியம்மாவும் தெரிவார், அக்கா வைத்த பத்தியக் குழம்பைத் தட்டில் வழித்துச் சாப்பிட்டபடி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆறாவது வாரம் அக்கா பூங்காவிலிருந்து கூப்பிட்டாள். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள், வீட்டில் யாருக்கும் கேட்கக் கூடாதென்று.

"ஏண்டி, மாத்திரையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சுடி. அடியில இருக்கறது களி மாரி ஆயிடிச்சு. மேல இருக்கறது கொஞ்சம்தான் தேறும். என்னா பண்றது?"

எனக்கும் புரியவில்லை. வாங்கி அனுப்பலாம், பார்சல் வந்தால் மாப்பிள்ளைதானே பிரிப்பார். அங்கே வாங்கலாம் என்றால் டாக்டரிடம் போகவேண்டும், மகள்தான் மொழிபெயர்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன்: "பாதி பாதியா உடைச்சுப் போட்டுக்கோ. இத்தன வருஷமா வரல, இன்னும் கொஞ்ச நாள்ல வந்துடப் போவுதா? திரும்பி வந்ததும் முழுசா போட்டுக்கலாம்."

"சரிடி, நீ சொன்னா சரிதான்" என்றாள். படித்தவள், ஆபீசுக்குப் போகிறவள் என்று என் பேச்சை அவள் எப்போதும் தட்டியதில்லை.

அதன்பிறகு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே காலை பத்து மணி. அக்கா மகள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"சித்தி, அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. கதவைத் தொறந்து பாத்தா நினைவே இல்ல. தலையில அடி. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். டாக்டர் கேக்குறாங்க, முன்னாடி ஏதாவது வியாதி இருந்துச்சா, ஏதாவது மாத்திரை சாப்புடறாங்களான்னு. நான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். இருந்தாலும் உங்களையும் கேட்டுடலாம்னு..."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பிள்ளை அழுவது கேட்டது. மாப்பிள்ளை யாரிடமோ பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். "நல்லா கேளும்மா, ஞாபகப்படுத்திச் சொல்லச் சொல்லு" என்று சம்பந்தியம்மா பக்கத்திலிருந்து சொன்னார்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் வாய் தானாகச் சொல்லியது.

"ஒண்ணும் இல்லம்மா. சத்து மாத்திரைதான்."

போனை வைத்துவிட்டேன். வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்னால் ஒரு கோப்பு திறந்திருந்தது, அதைப் புரட்டினேன். ஒரு விண்ணப்பத்தில் பிறந்த தேதி விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து வட்டமிட்டேன் என்றால் நம்புவீர்களா? தலையில் அடி என்றுதானே சொன்னாள், வழுக்கி விழுந்திருப்பாள், தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் கோப்பை மூடினேன். மாடிப்படிக்குப் போய் நின்று கூப்பிட்டேன். நடுவில் ஒரு மணி நேரம் போயிருந்தது.

சொன்னேன். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், பாதி பாதியாகப் போட்டது, எல்லாம். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஸ்பெல்லிங் சொல்லுங்க சித்தி" என்றாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவள் அதைத் திருப்பிப் பிரெஞ்சில் யாருக்கோ சொல்வது கேட்டது.

அதுவரைக்கும் விழுந்து அடிபட்டதால் மயக்கம் என்றே பார்த்திருக்கிறார்கள். வலிப்பு உள்ளுக்குள் ஓய்ந்து ஓய்ந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது, வெளியே அவ்வளவாகத் தெரியாமல். நான் சொன்னபிறகு மருந்தை மாற்றினார்கள். அக்கா கண் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள். முன்னாடியே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று மகள் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றாராம் அந்த டாக்டர். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் தூங்குவேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் ஒருவிதத்தில் தேவலை.

உடலைக் கொண்டுவர வழியில்லாமல் போயிற்று. காப்பீட்டில் அதற்கும் இடம் இருந்தது. மருத்துவமனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள் என்று கை விரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னவள் நான். செலவு முழுவதையும் சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே எரித்தார்கள். பச்சைப்பிள்ளையோடு மகள் வரமுடியாததால் மாப்பிள்ளை மட்டும் சாம்பலை எடுத்துக்கொண்டு வந்தார். என் அக்காவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை.

வீராம்பட்டினம் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது மாப்பிள்ளை காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அத்தை, எங்க வீட்டுக்குக் கீழயே ஃபார்மசி இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்ட அழைச்சிட்டுப் போய் வாங்கித் தந்திருப்பேனே." அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மெடிக்கல்காரரிடம் அக்கா போய்விட்டதைச் சொல்லப் போனேன். எப்படி என்று கேட்டார், சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மாத்திரைய ஏம்மா அட்டையிலேர்ந்து பிரிச்சீங்க? காத்து பட்டாலே கசிஞ்சிடும். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். கேட்டிருக்கலாம்தான். விஷயம் வெளியே தெரிந்தபிறகு ஊரில் எல்லோரும் என்னிடம் இதையேதான் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாயங்காலம் அக்கா மகள் கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. அழுது முடித்த குரல்.

"சித்தி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் போன் பண்ணதுக்கும் நீங்க திரும்பக் கூப்பிட்டதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பொய் சொல்ல எனக்குத் தெரியும். வேலை வந்துவிட்டது, போனில் சார்ஜ் இல்லை, ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்குத் தெம்பு இல்லை.

"உன் மாமியார் என்ன நினைப்பாங்களோன்னு யோசிச்சிட்டு இருந்தேம்மா" என்றேன்.

பிள்ளை சிணுங்கியது, தட்டிக்கொடுத்தாள்.

"அந்த ஒரு மணி நேரமும் அவங்கதான் சித்தி என் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. என் கையைப் புடிச்சிட்டு, 'உங்க சித்திதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே, அவங்களுக்குத் தெரியாததா, பயப்படாதம்மா'ன்னு சொல்லிட்டே இருந்தாங்க."