இரண்டு பாம்புக்கு ஒரு பெட்டி

எனக்குப் பாம்பு பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு, இந்த மனிதனுக்கு அதுகளில் ஏதோ பற்று என்று யாரும் நினைக்கக் கூடாது.

சுவிஸில், வின்டர்தூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு நான் பராமரிப்பாளன். பனி தள்ளுவது, மின்குமிழ் மாற்றுவது, உடுப்புத் தோய்க்கும் அறை யாருக்கு எந்த நாள் என்று பட்டியல் போடுவது, அந்தப் பட்டியலால் வரும் சண்டைகளைத் தீர்ப்பது எல்லாம் என் தலையில்தான். நானும் மனைவியும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். மூன்றாம் மாடியில் ஒரு சுவிஸ் முதியவர் இருந்தார். மனைவி இறந்து பல காலம், பிள்ளைகள் இல்லை. மூன்று பாம்புகள் வைத்திருந்தார், மூன்றும் விஷமில்லாதவை. ஒன்று மெல்லிய சிவப்பு. ஒன்று கறுப்பில் வெள்ளை வளையம் போட்டது. மற்றது எப்போதும் பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கும் சிறிய ஆபிரிக்க மலைப்பாம்பு.

ஒரு தை மாதக் காலையில் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸ் வரும்வரை நான்தான் பக்கத்தில் இருந்தேன். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்து அவர் கேட்டது ஒன்றுதான்.

"மூன்றையும் பார்த்துக்கொள்வீர்களா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்வது?

வீட்டில் மனைவி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டின கதையாக் கிடக்கு. உங்களுக்கு ஏன் இந்தக் கண்டறியாத வேலை?"

"மனுசன் விழுந்து கிடக்கேக்க இல்லையெண்டு சொல்லேலுமோ?"

"அதுகள் எங்கட வீட்டுக்குள்ள வரக்கூடாது. அவ்வளவுதான் நான் சொல்லுவன்."

ஊரில் பொழுதுபட்டபின் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். வின்டர்தூரில் என் மனைவி பகலிலும் சொல்வதில்லை. 'அதுகள்' என்றுதான் சொல்வாள்.

சிகிச்சை முடிந்து, நடைப்பயிற்சிக்கென்று அவரை இன்னொரு நிலையத்துக்கு மாற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது அங்கிருந்த தாதி என்னை ஒதுக்கமாக அழைத்துச் சொன்னாள்: "பாம்புகளுக்காகத்தான் இவர் நடக்கிறார். காலையில் எழுந்ததும் மூன்று தடவை இந்த நடைக்கூடத்தின் கடைசிவரை போய் வருகிறார், பாம்புக்கு ஒரு தடவையாம். நடப்பதை நிறுத்தினால் நேரே முதியோர் இல்லம்தான். அங்கே பாம்பு வைத்திருக்க விடமாட்டார்கள்."

அன்று அவர் என்னிடம் ஒரு தாளைத் தந்தார். எத்தனை பாகை சூடு, எத்தனை நாளுக்கு ஒரு எலி, அதை எப்படி உறைநிலையிலிருந்து இளக்குவது என்று முத்து முத்தான எழுத்து. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்: 'ஒவ்வொன்றும் தனியாக.'

"சிவப்பு என் மனைவி வாங்கியது," என்றார். "அவளுடைய கட்டில் பக்கத்தில்தான் அதன் பெட்டி. அதில் கொஞ்சம் கூடுதல் கவனம்."

அவர் வீட்டில் பாம்புப் பெட்டிகள் சுவரோடு சுவராக அவரே கட்டியவை, கழற்ற முடியாது. அந்த மாதமோ கட்டடத்தின் பழைய தண்ணீர்க் குழாய்களையெல்லாம் மாற்றும் வேலை. மூன்றாம் மாடிச் சுவர்களை உடைக்கப் போகிறார்கள். தூசி, சத்தம், பாதி நாளுக்கு மின்சாரம் இல்லை. பாம்புகளை நிலக்கீழ் அறை ஒன்றுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்குப் புதுப் பெட்டிகள் வேண்டும். இப்படித்தான், ஒரு பாம்புக்கு எப்படிப்பட்ட வீடு தேவை என்று இந்த வயதில் நான் படிக்கவேண்டி வந்தது.

கடைக்காரப் பெண் பொறுமையானவள். பெட்டியின் ஒரு பக்கம் சூடாக இருக்கவேண்டும், மறுபக்கம் குளிராக. இரண்டு பக்கத்திலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு கட்டாயம், விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காலையில் பாம்பு இராது. பாம்பின் நீளத்துக்கு ஏற்றபடி பெட்டியின் நீளத்தைச் சட்டமே சொல்கிறது என்றாள். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிக் காம்பில் எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்தோம். அந்தச் சட்டத்தோடு ஒப்பிட்டால் எனக்குக் கிடைத்த இடம் ஒரு நடுத்தரப் பாம்புக்கே காணாது.

மலைப்பாம்புக்கு ஒரு பெட்டியை அங்கேயே எடுத்தேன். மற்ற இரண்டுக்கும் தேடியபோது, பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் ஒரு மரப்பெட்டி கண்ணில் பட்டது. என் இரண்டு கையையும் விரித்த அகலம். நல்ல பூட்டு, உள்ளே கிளைகள், மேலே விளக்கு.

"ஒரு பாம்புக்குத்தானே?" என்று விற்றவர் கேட்டார்.

"ஒன்றுக்குத்தான்," என்றேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

தாளில் இருந்த கடைசி வரியை நான் மறக்கவில்லை. நான் அதை நம்பவில்லை, அதுதான் உண்மை. இந்த நாட்டுக்காரருக்கு எல்லாமே தனித்தனி. தபால்பெட்டி தனி, உடுப்புத் தோய்க்கும் நாள் தனி, நிலக்கீழ் அறையில் சாமான் வைக்க ஆளுக்கொரு கம்பிக் கூடு தனி. உணவகத்துக்கு நாலு பேர் சேர்ந்து போனாலும் பில் தனி. கிழவர் தன்னைப் போலவே பாம்பையும் தனியாக வைக்கிறார் என்று நினைத்தேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு கினிப்பன்றி வாங்கப் போனோம். ஒன்றைத் தனியாக வளர்ப்பது சட்டப்படி குற்றம், இரண்டு வாங்குங்கள் என்றார்கள். கினிப்பன்றிக்கே தனிமை ஆகாதென்றால் பாம்புக்கு மட்டும் ஆகுமா?

அதோடு, சிவப்பும் வளையம் போட்டதும் இரண்டுமே அமெரிக்கப் பாம்புகள். ஊர்க்காரரை ஊர்க்காரரோடு விடுவதுதானே முறை? காம்பில் என்னை முதலில் வேற்று மொழிக்காரரோடு போட்டிருந்தார்கள். ஒரு மாதம் வாய் திறக்க ஆளில்லாமல் கிடந்தேன். பிறகு எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பெடியன் ஒருவனை என் அறைக்கு மாற்றினார்கள். அன்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம். அந்த அழுகைதான் என்னை ஏமாற்றியது.

"ரெண்டும் ஒரே ஊர். பாம்பின் கால் பாம்பறியும்," என்று மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியுமோ, அதுகளுக்குள்ள என்ன கொழுவலெண்டு?" என்றாள் அவள்.

முதல் வாரம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. பார்க்க எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. கைபேசியில் படம் எடுத்தேன். கிழவருக்கு அனுப்பவில்லை.

ஞாயிறு தோறும் மதியம் அவர் தொலைபேசியில் கூப்பிடுவார். என் சுகம் கேட்பார், குழாய் வேலை பற்றிக் கேட்பார். கடைசியில், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, எப்போதும் ஒரே கேள்வி:

"இடம் போதுமா, ஒவ்வொன்றுக்கும்?"

"போதும், போதும்," என்பேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து அந்த அறைக்குள் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வளையப் பாம்பு ஒரே இடத்தில் கிடந்தது, தலை எப்போதும் சிவப்பின் பக்கம். பாம்புக்கு இமை கிடையாது. தூங்குகிறதா பார்க்கிறதா என்று நமக்குத் தெரியாது. நாக்கு மட்டும் வெளியே வந்து சிவப்பின் முதுகைத் தொடுவதுபோல் அசைந்துவிட்டு உள்ளே போகும். சிவப்பு ஒளிந்துகொள்ளும் இடத்தை விட்டுவிட்டது. கிளைமேல் ஏறி, கண்ணாடியின் மேல்மூலையில் மூக்கை அழுத்திக்கொண்டு கிடந்தது. நாளடைவில் மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு மங்கலான கறை. நான் துடைப்பேன், மறுநாள் அதே இடத்தில் இருக்கும்.

ஒருநாள் மனைவி கதவடியில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"அது வெளியில வரப் பாக்குது," என்றாள்.

"இல்லை. எங்களைத் தேடுது."

"எங்களை ஏன் தேடுது? நாங்கள் ஆர் அதுக்கு?"

நான் துணியை எடுத்துக் கறையைத் துடைத்தேன். அந்தக் கேள்வியோடு ஒரு நிமிடம் நின்றிருந்தால் போதும், ஒரு உயிர் தப்பியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை இரண்டுக்கும் எலி போட்டேன். சனி காலை போய்ப் பார்த்தபோது மேல்மூலை வெறுமையாக இருந்தது. பூட்டு பூட்டியபடி. கண்ணாடியில் கறை அப்படியே. வளையப் பாம்பின் வால் மட்டும் மரப்பட்டைக்கு வெளியே தெரிந்தது, மற்றதையெல்லாம் பட்டை மறைத்திருந்தது. சிவப்பு எங்கோ நழுவிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சூடாக்கி அறை, சைக்கிள் அறை, ஒவ்வொருவர் கூட்டின் இடுக்கும் தேடினேன். உடுப்புத் தோய்க்கும் அறையில் இயந்திரத்தை இழுத்துப் பின்னால் டோர்ச் அடித்தேன். அன்று தோய்க்கும் முறை வந்த பெண் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். தண்ணீர் கசிகிறதா பார்க்கிறேன் என்றேன். அவள் தன் கூடையிலிருந்து ஈர உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க, ஒவ்வொரு தடவையும் நான் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்து, கடைசியாக, பெட்டிக்குள் கைவிட்டு மரப்பட்டையைத் தூக்கினேன்.

வளையப் பாம்பு தன் அளவில் இல்லை. நடு உடல் ஒரே சீராகத் தடித்திருந்தது. தோல் இழுபட்டு, வெள்ளை வளையங்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. அது மெதுவாகத் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. உள்ளே ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு வால். வாய் மூடியது. இன்னொரு முறை திறந்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து அறையில் இயந்திரம் உடுப்பைச் சுழற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகுதான் இணையத்தில் தேடினேன், குடி கெட்ட பிறகு சாத்திரம் பார்ப்பதுபோல. அந்த வகை மற்றப் பாம்புகளைத் தின்னும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

மனைவி தலையில் கைவைத்தாள். "ஐயோ, சர்ப்பதோஷம். அட்லிஸ்வில் கோயிலுக்குப் போய் ஒரு அருச்சனை செய்வம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரல் தணிந்தாள். "முதல்ல அந்த மனுசனிட்டச் சொல்லிப்போடுங்கோ."

"சொன்னா அவர் நடக்கிறதை விட்டிடுவார்."

"சொல்லாட்டி?"

அன்றே, இதே நிறத்தில் ஒரு சிவப்புப் பாம்பு விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். படம் படமாகப் பார்த்தேன். ஒன்று அச்சாக அதேபோல் இருந்தது. விற்பவருக்குச் செய்திகூட எழுதினேன். அனுப்பப் போகும்போது அந்தக் கண்ணாடிக் கறை ஞாபகம் வந்தது. எழுதியதை அழித்தேன்.

மறுநாள் ஞாயிறு. கிழவர் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு உற்சாகத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு விடுகிறார்களாம். செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரத்துக்கு வெளியே வர அனுமதி வாங்கியிருக்கிறாராம், பாம்புகளைப் பார்க்க.

"இடம் போதுமா, ஒவ்வொன்றுக்கும்?"

என் வாயிலிருந்து "போதும்" என்ற சொல்தான் வந்தது. பழக்கம்.

செவ்வாய் பத்து மணிக்கு டாக்ஸியில் வந்து இறங்கினார். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தானாகவே மின்தூக்கிவரை நடந்தார். நடப்பதை நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் வேகமாக நடந்தார். மின்தூக்கி கீழே போய் நின்றது. அறைக்கதவின் முன்னால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த டொச் மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டையும் ஒன்றாக விட்டேன். நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. சிவப்பு இல்லை. பிழை முழுவதும் என்னுடையது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மலைப்பாம்பின் பெட்டியைத் தாண்டிப் போய், மரப்பெட்டியின் முன்னால் கதிரையில் உட்கார்ந்தார். வளையப் பாம்பு சூடான பக்கத்தில் கிடந்தது. வீக்கம் இன்னும் வடியவில்லை. நான் பூட்டைத் திறக்கப் போனேன்.

"தூக்காதீர்கள்," என்றார். "இப்போது தொட்டால் கக்கிவிடும்." கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். "எத்தனை நாள்?"

"இன்றோடு நாலாம் நாள்."

அவர் தலையாட்டினார். "அப்படியென்றால் உள்ளே சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

"அடுத்த வாரம் நான் வந்ததும் மலைப்பாம்பை அதன் பழைய பெட்டியில் விடுங்கள்," என்றார். "இதைப் படுக்கையறையில் விடுங்கள். அவளுடைய கட்டில் பக்கத்தில், சிவப்பின் பழைய பெட்டியில்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வருகிறார், அதுவே போதும் என்று ஒரு மனம். எதனோடு வந்து குடியிருக்கப் போகிறார் என்று இன்னொரு மனம்.

"என்னைக் கொஞ்சம் தனியாக விடுகிறீர்களா?"

வெளியே வந்தேன். கதவை முழுக்கச் சாத்தவில்லை, விழுந்துவிடுவாரோ என்ற பயம். நடைக்கூடத்தில் சுவரோடு நின்றேன். கதிரை கிறீச்சிட்டது, கண்ணாடிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்போலும். பிறகு அந்தக் குரல். ஞாயிறு தோறும் தொலைபேசியில் கடைசியாகக் கேட்கும், தாழ்த்திய அதே குரல்.

"இடம் போதுமா உனக்கு?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். நடைக்கூட விளக்கு தானாக அணையும்வரை நானும் அசையாமல் காத்திருந்தேன்.