அந்தோனி அண்ணை கள்ளன் இல்லை

ரெலிபோன் மணி அடித்தபோது நான் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பேசியது அந்தோனி அண்ணையின் மகள் மேரி. "அன்ரி, அப்பா எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டார்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அண்ணையைச் சபை நடுவில் கள்ளன் என்று சொன்ன மனிதர் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்காமலே தப்பிவிட்டாரே என்ற ஆத்திரம்தான் வந்தது. அழுகை அடுத்த நாள்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மேரி கேட்டாள். படித்தவர்கள் பலர் எழுதுவார்கள், அவர் நல்லவர், அமைதியானவர் என்று எழுதுவார்கள். அவர் அமைதியானவர் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள், விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அண்ணை மன்னார் ஆள். ஊரிலும் மேசன் வேலைதான். ஜேர்மனியின் இந்த மலைப்பக்கத்து ஊருக்கு எங்களை அனுப்பியபோது அகதிகள் ஹைம் விடுதியில் அவருடைய குடும்பமும் எங்களுடைய குடும்பமும் ஒரே குசினியில் சமைத்தோம். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணை என்பேன். யாருக்கு வயது கூட என்று இருவருமே கேட்டதில்லை. வேலை அனுமதி கிடைத்ததும், வீட்டு வாசல்களையும் தோட்டத்துப் பாதைகளையும் திருத்தும் ஒரு ஜேர்மன்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

இங்கே பழைய வீடுகளின் வாசலில் ஒரு கொங்கிறீற் தளம் இருக்கும். மழைத் தண்ணீர் அதற்குள் ஊறும், இரவில் உறையும், பகலில் உருகும். மேலே உப்பையும் கொட்டினால் சில வருடங்களில் தோல் உரிந்து கல் வெளியே தெரியும். அதை உடைத்து எறியாமல் மேலே புதிதாகப் பூசிக் கொடுப்பதுதான் அண்ணையின் வேலை. சுத்தியலின் பிடியால் தளத்தைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பொள்ளலாகச் சத்தம் கேட்ட இடமெல்லாம் கொத்தி எடுப்பார். கம்பித் தூரிகையால் உரஞ்சிக் கழுவி, ஈரம் காயமுன் சீமெந்துப் பாலைத் தேய்த்து, அதன் மேல் பூசுவார். சறுக்காமல் இருக்கக் கூட்டுகிற தும்புத்தடியால் ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு பிளாஸ்ரிக் விரித்து, அதன் மேல் பழைய கம்பளியும் போட்டு மூடுவார்.

"என்னண்ணை, பிள்ளையை நித்திரையாக்கிற மாதிரி மூடுறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிள்ளை அழுதாவது காட்டும் அக்கா. இது பேசாமல் கிடந்திட்டு மாசியில பழிவாங்கும்" என்றார்.

தன் வேலையைப் பற்றி அவருக்குப் பெருமை அதிகம். பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி, "அது என்ர வாசல், இதுவும் என்ர வாசல்" என்பார். பக்கத்தில் இருக்கும் ஜேர்மன்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் அசைய மாட்டார்.

இனி மற்றவருடைய கதைக்கு வருகிறேன். அவருடைய பெயரை நான் எழுதவில்லை. பயந்து அல்ல. அண்ணையின் பெயர் இருக்கும் தாளில் அந்தப் பெயருக்கு இடமில்லை. நம்மவர்களில் முதலில் வீடு வாங்கியவர், கடை வைத்திருப்பவர், மண்டபத்தில் மைக் பிடிப்பவர் என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் வீடு வாங்கியது ஒரு ஐப்பசி மாதம். வாசல் தளம் உரிந்து கிடந்தது. புதுவீடு குடிபூரலுக்கு முன் அதைப் பூசித் தரும்படி அண்ணையிடம் கேட்டார். நாள்கணக்காக மழை பெய்து, கடைசியில் குடிபூரலுக்கு முதல் நாள்தான் வானம் விட்டது. அண்ணை அன்றே பூசி முடித்துவிட்டுச் சொன்னார்:

"மூண்டு நாளைக்கு ஒருத்தரும் இதில கால் வைக்கப்படாது. நாளைக்குத் தோட்டத்துப் பக்கத்துக் கதவால போங்கோ."

"குடிபூரலண்டு பின்கதவால போறதோ? என்ன கதை கதைக்கிறியள் அந்தோனி? நான் என்ன கள்ளனோ, பின்னால போறதுக்கு?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது என்று அண்ணையே ஒத்துக்கொண்டார். புது வீட்டுக்குள் பின்கதவால் யார் போவார்கள்? ஆகவே இரண்டு பக்கமும் கல் அடுக்கி, தளத்தில் முட்டாமல் அதற்கு மேலால் ஒரு நீளப் பலகையைப் போட்டுக் கொடுத்தார். பாலம் மாதிரி. "இதால வலது காலை வைச்சுப் போங்கோ, ஒரு குறையும் இல்லை" என்றார்.

அடுத்த நாள் காலை நாங்கள் எல்லாரும் போனோம். வாசலில் பிளாஸ்ரிக்கும் இல்லை, கம்பளியும் இல்லை. வீடியோவில் வடிவில்லை என்று உருவி எறிந்திருந்தார்கள். பலகையில் நின்றபடி வீட்டுக்காரர் தேங்காயைக் கையில் எடுத்தார். அண்ணை கோட் சூட்டோடு கூட்டத்துக்குள் இருந்து கத்தினார்:

"ஐயோ, அதில உடைக்காதையுங்கோ! தேங்காய்த் தண்ணியில இனிப்பிருக்கு. இனிப்புப் பட்டால் சீமெந்து இறுகாது!"

"ஒரு கல்லை வைச்சு அதில உடையுங்கோவன் தம்பி" என்று நானும் சொன்னேன்.

"நல்ல நேரம் போகுது. அக்கா, நீங்கள் போய் அடுப்பில புக்கையைப் பாருங்கோ. சீமெந்தைப் பற்றி உங்களுக்கென்ன தெரியும்?"

சொல்லிவிட்டு ஓங்கி உடைத்தார். தேங்காய்த் தண்ணீர் தளம் முழுக்கப் பரவியது. வீடியோக்காரர் படம் சரியாக விழவில்லை என்றார். இன்னொரு தேங்காய் உடைத்தார்கள். அதே இடத்தில் கற்பூரமும் கொளுத்தினார்கள். பிறகு ஆட்கள் பலகையை விட்டு இறங்கி, தளத்திலேயே சப்பாத்துக் கழற்றினார்கள். அன்றிரவு பனி கொட்டியது. மூடி விட யாருக்கும் நினைவில்லை.

மார்கழியில் வாசல் உறைந்தபோது அவர் சமையல் உப்பை அள்ளி அள்ளி எறிந்தார். முதல் குளிர்காலத்துக்கு உப்பு வேண்டாம், மணல் போடுங்கள் என்று அண்ணை முன்பே சொல்லியிருந்தார். பங்குனியில் தளம் அப்பளம் மாதிரி எழும்பி உதிர்ந்தது.

அதன் பின் ஒரு கல்யாண வீட்டில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த மனிதர் மைக் இல்லாமலே சத்தமாகக் கேட்டார்: "கள்ளன் அந்தோனி, என்ர வீட்டுச் சீமெந்தை எங்க கொண்டு போய் வித்தனீங்கள்?"

சிரிப்புச் சத்தம் எழுந்தது. அண்ணை சோற்றில் வைத்த கையை எடுத்தார். "தேங்காய் உடைச்சது நீங்கள். நான் கள்ளன் இல்லை. அந்தச் சொல்லைத் திருப்பி எடுங்கோ" என்றார். அவர் எடுக்கவில்லை. குடிபூரலுக்கு வந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். நான் எழும்பி, நடந்ததையெல்லாம் சொன்னேன். கிழவிக்கு வாய் நீளம் என்றார்கள். மற்றவர்கள் வடையைப் பார்த்தார்கள். அவருடைய கடையில்தான் முருங்கைக்காய் வரும், அவருடைய கையால்தான் மண்டபம் கிடைக்கும். அன்றிலிருந்து நம்மவர் வீட்டு வாசல் ஒன்றுகூட அண்ணையிடம் வரவில்லை. ஜேர்மன்காரர்கள் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது நம்முடைய வாசல்கள்.

பெரிய வெள்ளிக்கு முன் பாதர் அண்ணையின் வீட்டுக்கு வந்து, மன்னித்துவிடும்படி புத்தி சொன்னார். அண்ணை அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்ன பதிலை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். "மன்னிக்கிறது உங்கட வேலை பாதர். என்ர வேலை சீமெந்து."

அந்த வேலையால்தான் அவர் பழி தீர்த்தார். அந்த மனிதரின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு ஜேர்மன் கிழவி தனியாக இருந்தார். இரண்டு வாசலும் ஒட்டியபடி, நடுவில் ஒரு சின்ன வேலி. அண்ணை தானே போய் மணி அடித்து, உங்கள் வாசலைப் பூசித் தரட்டுமா என்று கேட்டார். முதலாளியின் சம்மதத்தோடு அந்த வேலையைப் பிடித்தார். ஏன் இந்த அலைச்சல் என்று கேட்டேன்.

"அவர் ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கேக்க பாக்கோணும் அக்கா."

அந்தத் தளத்தை அவர் பூசியதைப் போல எதையும் பூசி நான் பார்க்கவில்லை. கையில் சாந்தகப்பையோடு முழங்காலில் நின்று, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பதைப் போல மெதுவாக இழுத்தார். வேலிக்கு அப்பால் திரைச்சீலை அசைவதைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்று இன்னும் மெதுவாக இழுத்தார். கிழவி சொன்ன சொல் கேட்டார். பின்கதவால் போனார், உப்பு எறியாமல் மணல் தூவினார். அடுத்த பங்குனியில் ஒரு வாசல் மெழுகியது போல இருந்தது, மற்றது சொறி பிடித்தது போல இருந்தது. நவராத்திரிக்கு அந்த வீட்டுக்குப் போன எல்லாரும் இரண்டையும் பார்த்தார்கள். அதன் பிறகு அவர் தன் வாசலில் பச்சைப் பிளாஸ்ரிக் புல் விரித்தார்.

அதைக் கேள்விப்பட்டு அண்ணை பார்க்கப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலியருகில் நின்று, "அக்கா, மாடு ஒண்டு வாங்கிக் கட்டினால் நல்லா மேயும்" என்று உள்ளே கேட்கச் சொன்னார். அவ்வளவு சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. "வாசலை எல்லாரும் பாத்திட்டினம். ஆனா ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை அக்கா" என்றார்.

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி கொடுத்தார்கள். அந்த மனிதர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். வழக்கம்போல மைக்கைப் பிடித்தார். "அந்தோனி எனக்குத் தம்பி மாதிரி" என்று தொடங்கினார். நான் எழும்பி நின்றேன்.

"தம்பியைத்தானோ கள்ளன் எண்டனீங்கள்?"

"அக்கா, செத்த வீட்டில இதெல்லாம் கதைக்கிறதோ?"

"உயிரோட இருக்கேக்க அவர் கேட்டவர். இப்ப நான் கேக்கிறன். குடிபூரலண்டு அந்தத் தளத்தில தேங்காய் உடைச்சது ஆர்?"

மேரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் கதிரையில் இருக்கவில்லை. பிறகு அவர் மைக்கைக் கீழே இறக்கி, "நான்தான்" என்றார்.

"பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை. மைக்கில சொல்லுங்கோ."

மைக்கில் சொன்னார். "சரி, கள்ளன் எண்டதையும் திருப்பி எடுங்கோ" என்றேன். அவர் மைக்கை மேசையில் வைத்துவிட்டு, கோப்பியும் குடிக்காமல் வெளியே போனார். அன்று கல்யாண வீட்டில் வாயைத் திறக்காதவர்கள் சிலர் பிறகு என்னிடம் வந்து, நல்ல கேள்வி அக்கா என்றார்கள். அவர்களுக்கும் நான் தேத்தண்ணீர் ஊற்றப் போவதில்லை.

அந்தோனி அண்ணையை அறிந்தவர்களே, பாதிதான் கிடைத்திருக்கிறது. மீதி அந்த மனிதரின் வாயில் இருக்கிறது. அண்ணையின் மேசன் ஆயுதப் பெட்டியை மேரி வைத்திருக்கிறாள். அவருடைய கோபத்தை வைத்திருக்க அவளுக்கு ஏலாது, அவள் நல்ல பிள்ளை. அதை நான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பிறஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை, மரக்கறி வாங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனிதரின் கடைக்குத்தான் போகிறேன்.