அக்கா போனாள், தண்ணீர் தெளிந்தது

போன மாதம் அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நாலடி நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. ரத்தம் குறைவு என்று சொல்லி, மருந்தோடு சேர்த்துப் பச்சை மாத்திரை டப்பா ஒன்றும் எழுதிக்கொடுத்தார். மருந்துக்கடையில் விலையைக் கேட்டதும் அக்கா வாயைப் பிளந்தாள்.

"இம்புட்டு விலைக்கு இதுல என்னடி இருக்கு?"

"கீரை மாதிரி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். வாழ்நாள் முழுக்கக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அது கீரை இல்லை, நீலப்பச்சைப் பாசி என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பேரை அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அதைப் பாசி என்றுகூடச் சொல்வதில்லை. சயனோபாக்டீரியா. செடி இல்லை, வெயிலைக் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும் பாக்டீரியா. ஆதியில் இந்தப் பூமியில் மூச்சுவிடக் காற்று இல்லாதபோது, ஆக்ஸிஜனை உண்டாக்கி வைத்ததே இவற்றின் முன்னோர்தானாம். இவற்றில் சில வகை, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து நெல்வயலுக்கு உரமாகக் கொடுக்கிறது. இதிலிருந்து எரிபொருள் எடுக்கலாமா, மக்கிப்போகிற பிளாஸ்டிக் செய்யலாமா என்று ஊர் ஊராக ஆராய்ச்சி நடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் நான் இதையெல்லாம் தேடிப் படிக்கிறேன். படிக்கிறவளுக்குப் பெருமை வர வேண்டும். எனக்கு வயிறுதான் எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கம். எங்கள் வீடு கோவிலூர்ப் பக்கம். நான் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குக் கண்ணாடிச் சில்லில் இலையைச் சீவி வைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டுகிற வேலை. என்னை அவ்வளவு தூரம் படிக்க வைத்த அப்பா, அக்காவை எட்டாவதோடு நிறுத்தி, அரியக்குடி தாண்டி ஒரு ஊரில் நிலபுலம் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தான் கெட்டவர் இல்லை. தன் அம்மா பேசும்போது தரையைப் பார்க்கிறவர், அவ்வளவுதான். அந்த மாதிரி ஆளைவிடக் கெட்டவனே மேல் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது.

அந்த ஊரில் இரண்டு ஊருணி. ஒன்று குளிக்க, மாடு கழுவ. இன்னொன்று குடிதண்ணீருக்கு. குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு, கடைசிப் படியில் குந்தி, குனிந்து மொள்ள வேண்டும். கையில் கம்போடு ஒரு காவல்காரர் இருப்பார். முகம் கழுவினாலே திட்டு விழும். அந்த ஒழுங்கைப் பார்த்து நான் அசந்துபோயிருக்கிறேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆடி மாத அம்மன் திருவிழா வந்தபோது குளிக்கிற ஊருணி வெடித்துக் கிடந்தது. குடிதண்ணீர் ஊருணியில் படிகளுக்குக் கீழே வட்டமாகக் கொஞ்சம் தண்ணீர். முளைப்பாரி எடுக்கிறார்கள் என்று அக்கா கூப்பிட்டதால் போயிருந்தேன். சட்டியில் மண்ணும் காய்ந்த சாணத்தூளும் வைக்கோலும் போட்டுப் பயறுகளை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பார்கள். எந்த வீட்டு முளைப்பாரி உயரமாக வந்திருக்கிறதோ அந்த வீட்டுப் பெண் ஊர்வலத்தில் முன்னால் நடப்பாள். அந்த ஊரில் அதற்கு இருந்த போட்டி கொஞ்சநஞ்சமில்லை. அக்கா வீட்டு முளைப்பாரி முழங்கை உயரத்துக்கு மேல் நின்றது. நான் மூக்கில் விரல் வைத்தேன். அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"எங்க அயித்தை கலப்பு உரத்த கரைச்சு ஊத்தியிருக்காக. வயலுக்கு வாங்குனது, மழை இல்லாமக் கெடந்துச்சுல்ல, அது. வெளிய சொல்லிப்புடாத."

அக்காதான் சட்டியைத் தலையில் வைத்து முன்னால் நடந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து நடந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முளைப்பாரியை எங்கே கரைப்பது என்று ஊருணிக் கரையில் பேச்சு வந்தது. எப்போதும் குளிக்கிற ஊருணியில்தான் கரைப்பார்கள். அதில்தான் தண்ணீர் இல்லையே. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மனுக்கு வளர்த்தது எப்படி அழுக்காகும், குடிதண்ணீர் ஊருணியிலேயே கரைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். மனிதர் கால் படக் கூடாத தண்ணீரில் ஊர் மொத்தத்தின் சாணமும் மண்ணும் பயிரும் போய் விழுந்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. நானும் சேர்ந்துதான் குலவை போட்டேன்.

ஆவணியில் காற்று நின்றது. தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியது போல ஏடு கட்டியது. முதலில் மீன் செத்து மிதந்தது. பிறகு, ஏடு ஒதுங்கிய மூலையில் தண்ணீர் குடித்த ஆடுகள் வீடு திரும்பும் முன்பே கால் மடங்கி விழுந்தன. ஊர் நடுங்கிப்போனது. அம்மன் கோபம் என்றார்கள். கோபத்துக்குக் காரணம் வேண்டுமே, தீட்டோடு யாரோ முளைப்பாரி தூக்கியிருக்கிறார்கள் என்றார்கள். ஊரில் இருந்த பெண்களின் விலக்கு நாட்களை எல்லாம் பெண்களே விசாரித்தார்கள். முளைப்பாரி கரைத்த மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்கு விலக்காகியிருந்தாள். முந்தின நாளே ஆகியிருக்கும், முன்னால் நடக்கிற ஆசையில் மறைத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. அதை முதலில் கிளப்பியது வேறு யாருமில்லை, அவள் மாமியார்தான். ஊர் வாய் தன் வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள் மருமகளைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்.

செய்தி வந்த வேகத்தில் போனேன். அக்காவைக் கொல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி உட்கார வைத்திருந்தார்கள். "உரம் போட்ட கதைய நாஞ் சொல்லவா?" என்று கேட்டேன். அவள் பதறி என் வாயைப் பொத்தினாள். "சொல்லாதடி. தண்ணியக் கெடுத்தவுகன்னு அவுகளுக்குப் பேராயிரும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் எப்புடி இருக்கிறது?" அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான், அந்த வீட்டில் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வீட்டு உரத்தால் மட்டும் ஊருணி கெடவில்லை. எல்லாச் சட்டியின் எருவும், வற்றின தண்ணீரும், வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. குற்றம் என்று பார்த்தால் ஊருக்கே பங்கு உண்டு.

ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பொடிப்பொடி உருண்டைகள் கொத்துக்கொத்தாக, ஒவ்வொன்றுக்குள்ளும் கருப்பாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் காற்றறைகள். அந்தக் காற்றால்தான் பாசி மேலே மிதந்து வெயிலைப் பிடிக்கிறது. எங்கள் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாடு அதிகமாகிப்போச்சு, பெருகிருச்சு. மயில்துத்தம் போடச் சொல்லு, செத்துரும்" என்றார். காப்பர் சல்பேட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன். படித்த பெண்ணுக்கு வருகிற பைத்தியக்காரத்தனம் அது. பச்சைத் தண்ணீரைப் பாட்டிலில் வாய் வரை ததும்ப நிரப்பி, தக்கையை இறுக்கி, அக்கா வீட்டு முற்றத்தில் வைத்தேன். அத்தான் நின்றார், மாமியார் உட்கார்ந்திருந்தார், அக்கா தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள். தக்கையின் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. அந்த அழுத்தத்தில் காற்றறைகள் நசுங்கிவிடும், பாசி மிதக்க மாட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை கீழே இறங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அடியில் சேறாகப் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

"பாத்தீகளா அயித்தை? இது உசிருள்ள பாசி. வயித்துல காத்த வச்சுக்கிட்டு மிதக்குது. தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எருவத் தின்னு வளந்திருக்கு."

அவர் பாட்டிலை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "பாத்தியாடா? தலையில ஒண்ணு போட்டதும் அடங்கிருச்சு. எதுக்கும் அதுதான் மருந்து" என்றார். அத்தான் தரையைப் பார்த்தார். தூணுக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தப் பாட்டிலை எடுத்து அந்த அம்மாள் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு அலைந்து, ஹெல்த் இன்ஸ்பெக்டரின் காலில் விழாத குறையாக மன்றாடி, மயில்துத்தம் போட ஏற்பாடு செய்தேன். மூட்டை வந்து இறங்கிய அன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று பக்குவமாகப் பேசினார்.

"மருந்து போடுறத நாங்க வேணாங்கலம்மா. ஆனா தீட்டு ஊருக்குள்ள இருக்கையில மருந்து எப்புடிப் பிடிக்கும்? ஒங்க அக்காவ ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. தண்ணி தெளியட்டும், பெறகு பாப்போம்."

"ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சா, எதனால தெளிஞ்சுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பரிசோதனைக்கூடத்தில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"தெளிஞ்சாச் சரிதானேம்மா. எதனாலன்னு யாருக்கு வேணும்?" என்றார் அவர்.

ஊருணியில் கால் வைக்கக் கூடாது என்பதால், நீலக்கட்டிகளைச் சாக்கில் கட்டி, இரண்டு கரையிலும் ஆள் நின்று கயிற்றால் இங்குட்டும் அங்குட்டும் இழுத்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். அக்கா இரண்டு சேலை மட்டும் எடுத்து வந்திருந்தாள். "கொஞ்ச நாளைக்குத்தானடி" என்றாள். அத்தான் பை தூக்கக்கூட வரவில்லை.

அந்த வாரமே தண்ணீர் தெளிந்தது. நான் ஓடி ஓடிக் கொண்டுவந்த மருந்து, எனக்குத் தெரிந்த அறிவியல், எல்லாம் சொன்னபடி வேலை செய்தது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அவ போனா, தண்ணி தெளிஞ்சுச்சு." அதற்குப் பிறகு எந்த வாயை அடைக்க முடியும்? தண்ணீரே சாட்சி சொல்லிவிட்டது. அக்காவின் மேல் இருந்த சந்தேகத்தை நிரூபித்துக் கொடுத்தது என் மயில்துத்தம்.

தெளிந்த தண்ணீரை ஊர் ஆசை தீரக் குடித்தது. பிறகு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். தண்ணீர்தான் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதை யார் சந்தேகப்படுவார்கள்? வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தப் பாசியை ஒரேயடியாகக் கொன்றால், அதன் உடம்புக்குள் இருக்கும் நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கரைந்துவிடும் என்று இப்போது ஆராய்ச்சிகள் சொல்கின்றன. பச்சை தெரிகிறபோது ஆட்டுக்குத்தான் ஆபத்து, தெளிந்த பிறகு எல்லோருக்கும் ஆபத்து. அன்றைக்கு இது எனக்கும் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியாது. பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் நல்லது.

அக்காவைக் கூப்பிட யாரும் வரவில்லை. அப்பா இரண்டு தடவை போய், மோர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த தையில் அத்தானுக்கு வேறு பெண் கட்டினார்கள். அக்காவின் சீர்ப் பாத்திரங்களை ஒரு வண்டியில் போட்டு அனுப்பினார்கள். அவள் அண்டாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்து எங்கள் வீட்டு உள்ளறையில் அடுக்கினாள். அன்றைக்குத்தான் அழுதாள்.

சில வருஷம் கழித்து மறுபடி ஒரு வறட்சி. அதே ஆடி, அதே முளைப்பாரி, அதே ஊருணி. ஆவணியில் மறுபடி பச்சை ஏடு கட்டியது. அக்கா அங்கே இல்லை, அவள் சீலை நிழல்கூட அந்தத் தண்ணீரில் விழவில்லை. எனக்குள் ஒரு அற்ப ஆசை வந்தது. இப்போதாவது யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், பஸ் ஏறி வந்து, அந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை என்று எங்கள் வாசலில் நின்று சொல்ல மாட்டார்களா? யாரும் வரவில்லை. அந்த முறை யாருடைய நாளையும் விசாரிக்கவில்லையாம். பழக்கமான மருந்துதானே, நேரே யூனியன் ஆபீசுக்கு ஆளனுப்பி மயில்துத்தம் வாங்கிப் போட்டார்களாம். தெளிந்துவிட்டதாம். முதல் தடவை மருந்தும் போட்டு ஆளையும் அனுப்பினார்கள், இரண்டாம் தடவை மருந்து மட்டும் போட்டார்கள். எந்தக் கல்லூரியிலும் இதைவிடச் சுத்தமாக ஒரு பரிசோதனையைச் செய்துகாட்ட முடியாது. ஊரே கூடிச் செய்தது, முடிவைத்தான் ஒருத்தரும் படிக்கவில்லை.

இதைக் கேள்விப்பட்ட அன்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அன்னைக்கும் மருந்த மட்டும் போட்டிருந்தாத் தெளிஞ்சிருக்குமாடி?"

"தெளிஞ்சிருக்கும்க்கா."

"அப்ப நாஞ் சும்மாத்தான் வந்திருக்கேன்" என்றாள்.